ஐந்து கை உப்பு

கிருஷ்ணம்மாவைப் பற்றி எழுத நீங்கள் யார் என்று என் மனைவி தேன்மொழி கேட்கிறாள். "ஒரு மாசமா அந்தப் பொம்பளய வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருந்தீங்க, இப்ப நோட்டும் பேனாவுமா உக்காந்துட்டீங்களா?" என்கிறாள். கேட்கட்டும். ஆமை சார்சியின் வரலாற்றை ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். டின்னிலேயே அச்சடித்தும் விட்டார்கள். உள்ளே நின்று அடுப்புச் சூட்டில் வெந்தவன் எழுதினால் மட்டும் குற்றமா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆமை சார்சி என்பது எங்கள் ஜொகூர் மாநிலத்தில் விற்கும் கறுப்பு நிறக் குளிர்பானம். சார்சி எல்லா ஊரிலும் உண்டு. எங்களுடையதில் இனிப்புக்கு அடியில் லேசாக ஓர் உப்பு ருசி இருக்கும். காய்ச்சல் கண்டால் சார்சியில் உப்பைப் போட்டுக் குடிப்பது இங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் பழக்கம். ஆமை சார்சியில் அந்த வேலையும் மிச்சம். திறந்து குடித்துவிட்டுப் போர்த்திப் படுக்க வேண்டியதுதான். அந்த உப்பு எப்படி உள்ளே வந்தது என்பதில்தான் எனக்கும் கம்பெனிக்கும் வழக்கு.

போன வருடம் புது டின் வந்தது. எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமின் கோப்பிக் கடையில் என் கூட்டாளி ராஜசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்தான். மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "1987-இல் கோபக்காரத் தொழிலாளி ஒருவன், முதலாளியைப் பழிவாங்க, சர்க்கரைப் பாகில் உப்பைக் கொட்டினான். எங்கள் நிறுவனர் அதைக் கீழே ஊற்றவில்லை. ருசித்துப் பார்த்தார். ஒரு புதுச் சுவை பிறந்தது!"

"அலமாக்! உப்பண்ணே, ஒங்க கதை டின்னுலயே வந்துருச்சு லா! ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றான் ராஜசேகரன். கடையே சிரித்தது.

அந்தக் கோபக்காரத் தொழிலாளி நான்தான். பெயர் காளியப்பன். கோபக்காரன் என்பது உண்மை. உப்பைக் கொட்டியவன் என்பது பச்சைப் பொய். முப்பத்தேழு வருடமாக ஊர் என்னை உப்பண்ணன் என்று கூப்பிட்டுக் கேலி செய்தது; காது மரத்துப் போய்விட்டது. ஆனால் ஊர்வாய் வேறு, அச்சு வேறு. என் பேத்தி வாங்கிக் குடிக்கிற டின்னில், அவள் தாத்தா தின்ற சோற்றில் மண் போட்டவன் என்று எழுதியிருக்கிறது. பெயர் போடவில்லை, சரி. ஊரில் யாருக்குத் தெரியாது? கண்ணை மூடுவதற்குள் அந்த வரியை அழித்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அன்று பாகு அறையில் என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அவள்தான் கிருஷ்ணம்மா.

கிருஷ்ணம்மா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பால் வாளி தூக்கினாள். மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டுச் சனம் திசைக்கு ஒன்றாகப் போயிற்று. அவள் அய்யாவுவைக் கட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்தாள். அய்யாவு நல்ல மனிதன், ஆனால் மூச்சிரைப்புக்காரன். ஒரு மாதம் வேலை செய்தால் ஒரு மாதம் படுப்பான். குடும்பம் இவள் கையில்தான் நின்றது. மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானத்துக்கு இவள் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சுவாள். அந்தப் பாயசத்துக்காகவே சாமி கும்பிட வந்தவர்கள் உண்டு. நானும் அதில் சேர்த்தி.

கோயிலுக்கும் சார்சி கொட்டகைக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான். தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி, அதற்கு முன் மெர்சிங்கில் மீன் படகுகளுக்கு ஐஸ் விற்றவர். அங்கே கடற்கரையில் ஆமை ஏறி வந்து முட்டையிடுவதைப் பார்த்து, ஆயுசு கெட்டியான பிராணி என்று அதையே தன் சரக்குக்கு மார்க்காக வைத்தார். ஆயர் ஈத்தாமில் மண்பாண்டச் சூளைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். பாண்டம் அடுக்குகிற வைக்கோலையே வாங்கிப் பாட்டில்களுக்கு நடுவில் திணித்து லாரி ஏற்றுவோம். சரக்கு சுமார்தான். போதாததற்கு நம் பெண்கள், வீட்டுக்குள் ஆமை வரக்கூடாது என்று பாட்டிலை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தவுக்கேக்கு இது புரியவே இல்லை. ஆமை என்ன பாவம் செய்தது என்று என்னைக் கேட்பார். நான் என்னத்தைச் சொல்ல?

1979-இல் பாகு காய்ச்சுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான். அந்த வாரம் கோயிலில் யாரோ தவுக்கேயின் மனைவிக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தார்கள். அந்த அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கை நமக்கு வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணம்மா கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டு பாகு அறையில் நின்றாள். இடுப்பளவு கொப்பரை, துடுப்பு மாதிரி ஒரு கரண்டி. சர்க்கரை மூட்டையும், தண்ணீர் சுத்தம் செய்கிற தொட்டிக்கு வேண்டிய கல்லுப்பு மூட்டையும் சுமந்து போடுவது என் வேலை. எட்டு வருடம் நாங்கள் ஒரே அறையில் வியர்வை விட்டோம். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

அவள் வந்த பிறகு சரக்கு பறந்தது. மெர்சிங் மீனவர்கள் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றினார்கள். வெயிலில் காய்ந்த உடம்புக்கு இதுதான் கேட்கிறது என்றார்கள். நம் பெண்களும் வழிக்கு வந்தார்கள். எப்படி என்கிறீர்கள்? லேபிளில் இருந்த ஆமையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டு போனார்கள். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த எசன்ஸ்தான் காரணம் என்று தவுக்கே நெஞ்சை நிமிர்த்தினார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

1987 தீபாவளிக்கு மறுநாள் எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். தவுக்கே முடியாது என்றார். எனக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம்! முப்பது பேர் பார்க்க, "இந்தச் சரக்கு ஒரு நாள் நாறிப் போகும், பாத்துக்கிட்டே இரு!" என்று கத்தினேன். என் வாய்தான் என் முதல் எதிரி. தேன்மொழி இதை நாற்பது வருடமாகச் சொல்கிறாள்.

நான்காம் நாள் மெர்சிங்கிலிருந்து நாற்பது பெட்டி திரும்பி வந்தது. கடல் தண்ணீர் மாதிரி கரிக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தவுக்கே ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தார். துப்பினார். பிறகு பாகு அறை மூலையில் இருந்த உப்பு மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு விசாரணை எதுவும் இல்லை.

"கெளுவார்!" என்று வாசலைக் காட்டினார். வெளியே போ என்று அர்த்தம்.

"கிருஷ்ணம்மா, நீ சொல்லு. நான் கொப்பரை பக்கம் வந்தனா?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடி கைலியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், பிள்ளை குட்டிக்காரி, முதலாளிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதும்போது இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

முதலாளி சரக்கில் உப்பைக் கொட்டியவனுக்கு ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். இருபத்திரண்டு வருடம். சனிக்கிழமைதான் வீடு. என் மகள் ஷர்மினி குழந்தையாக இருந்தபோது நான் தூக்கினால் வீறிட்டு அழுவாள், யாரோ அந்நியன் தூக்குகிறான் என்று. அந்த வருடங்களை எனக்கு எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

இந்த இடத்தில் பாயசத்தைச் சொல்ல வேண்டும். நான் எப்போது கோயிலுக்குப் போனாலும், பந்தியில் எல்லாருக்கும் ஊற்றி முடித்த பிறகு கிருஷ்ணம்மா வாளியோடு என்னிடம் திரும்பி வருவாள். "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க அண்ணே" என்று கேட்காமலே ஊற்றிவிட்டுப் போவாள். வேறு யாருக்கும் இரண்டாம் தடவை கிடையாது. கூடப் பிறக்காத தங்கச்சி என்று வீட்டில் பெருமையாகச் சொல்வேன். கேட்டுக் கேட்டுத் தேன்மொழிக்குப் புளித்துவிட்டது.

புது டின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அய்யாவு காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. மகன் லோகேஸ்வரன் இப்போது அதே சார்சி கம்பெனியில் சூப்பர்வைசர். அன்று வெள்ளிக்கிழமை. அவள் அடுப்படியில் கோயிலுக்குப் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டின்னில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அடுத்த மாசம் கம்பெனில பழைய சாமான் வச்சுக் காட்ட ஏதோ கேலரி தொறக்கறாங்களாமே. பழைய ஆளுன்னு ஒன்னத்தான் முன்னால உக்கார வைக்கப் போறாங்க. நான் கொப்பரை பக்கமே வரலன்னு தவுக்கே மககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றேன்.

அவள் பாயசத்தைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே இடது கையை நீட்டி, பார்க்காமலே, அலமாரியில் இருந்த உப்பு ஜாடிக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் பாயசத்தில் போட்டாள். தோட்டத்தில் பழகிய கை. இனிப்பு எதுவானாலும் ஒரு கல் உப்புப் போட்டால்தான் நம் பெண்களுக்கு அது முடிந்த மாதிரி. என் அம்மாவும் போடுவாள், தேன்மொழியும் போடுவாள். ஆயிரம் தடவை பார்த்த காரியம். அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது.

"கிருஷ்ணம்மா, அங்கயும் போட்டியா?"

கரண்டி நின்றது.

"எல்லா நாளும் போட்டேன் அண்ணே. மொத நாள்லேர்ந்து. கொப்பரைக்கு அஞ்சு கை. போடக்கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. இனிப்புதானே காச்சுறோம்."

"அன்னைக்கு?"

"லோகேசுக்கு அப்ப மூணு வயசு. காச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தான். என் புத்தி இங்க இல்ல. எத்தன கை போட்டேன்னு எனக்கே தெரியல. போட்டேனா போடலயான்னு நெனச்சு நெனச்சு மறுபடி மறுபடி போட்டிருக்கேன்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அவரு படுத்துட்டாரு, புள்ள ஆஸ்பத்திரில. வேல போச்சுன்னா நாலு வயித்துக்கு என்ன செய்வேன் அண்ணே?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பயந்துட்டேன். நாளைக்குச் சொல்லிரலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு இவ்ளோ வருசம் போச்சு."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். நான் போன பிறகு பயத்தில் உப்பை அடியோடு நிறுத்திவிட்டாளாம். ஒரே மாதத்தில் கடைக்காரர்கள் ருசி போச்சு என்று கத்த ஆரம்பித்தார்கள். தவுக்கே பழைய நல்ல பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்துச் சிங்கப்பூரில் பரிசோதனைக்குக் கொடுத்தார். அதில் உப்பு இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு நாள் மதியம் சின்னத் தராசோடு பாகு அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "போடு, எப்போதும் போடுவது போல" என்று மட்டும் சொன்னார். இவள் ஐந்து கை அள்ளித் தட்டில் போட்டாள். முந்நூற்றுப் பத்து கிராம். எழுதிக்கொண்டார். இவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். பிறகு இந்தப் பழிவாங்கிய கதையை அவரே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

அப்படியென்றால் அவருக்கும் தெரியும். நான் செய்யவில்லை என்று தெரிந்தே என்னை அழைக்கவில்லை. செத்துப்போன மனிதரை என்ன செய்வது? முழுக் கோபமும் எதிரே இருந்தவள் மேல் பாய்ந்தது.

"நீ ஊத்துன பாயசத்தயெல்லாம் பாசம்னு நெனச்சேன். அது வாயடைக்க ஊத்துனதா?" என்றேன். சொல்லக்கூடாத இன்னும் சிலதையும் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் சொல்லு. இல்லன்னா என் மூஞ்சில முழிக்காத."

அவள் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லோகேசுக்கு அங்கேதானே வேலை என்று மட்டும் முணுமுணுத்தாள். நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் தேன்மொழி காது கொடுத்துக் கேட்டது எல்லாம் கிருஷ்ணம்மாவைத் திட்டிய வசவுதான்.

கேலரி திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் போனேன். அவள் வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பது என்று பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பழைய பாட்டில்கள், மரப் பெட்டிகள், வைக்கோல்கூட வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் அந்தக் கதை. தவுக்கேயின் மகள் சுவீ லான் இப்போது முதலாளி; மரியாதை தெரிந்த பெண். கதையை மைக்கில் சொல்லி முடித்து, எல்லாரும் சிரித்த பிறகு, கிருஷ்ணம்மாவுக்கு மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தாள்.

கிருஷ்ணம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தாள்.

"புக்கான் டியா. சாயா" என்றாள்.

அவர் இல்லை, நான். தோட்டத்து மலாயில் மூன்றே வார்த்தை. பிறகு நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்: அன்றாடம் போட்ட ஐந்து கையை, மகனுக்குக் காய்ச்சல் வந்த நாளை, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றதை. முன்வரிசையில் இருந்த லோகேஸ்வரன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். சுவீ லானுக்குச் சங்கடம். "ஆன்ட்டி, எங்க அப்பா வாயாலயே சொன்ன கதை இது. பழைய கூட்டாளிக்காகச் சொல்றீங்களா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

கிருஷ்ணம்மா மகனைப் பார்த்தாள். "லோகேசு, உப்பும் தராசும் எடுத்துட்டு வாடா."

அவன் சுவீ லானைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், எழுந்து போனான். பெரிய டப்பா உப்பும் பாகு அறை மின்தராசும் மேசைக்கு வந்தன. கிருஷ்ணம்மா வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு உப்பில் கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தராசு முந்நூற்று ஆறு காட்டியது.

"நாலு கொறையுது. கை சுருங்கிப் போச்சு" என்றாள்.

கம்பெனி ஃபார்முலா ரகசியம். அதைச் சபையில் சொல்லக்கூடாது, யாரும் சொல்லவில்லை. ஆனால் லோகேஸ்வரன் முகத்தில் ரத்தம் இல்லை. சுவீ லான் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கொப்பரைக்கு ஏன் முந்நூறு இல்லை, ஏன் முந்நூற்றைம்பது இல்லை என்று அவளும் எத்தனையோ தடவை யோசித்திருக்க வேண்டும். அப்பா கையெழுத்தில் இருக்கிற எண் அல்லவா?

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் மா" என்றாள் கிருஷ்ணம்மா. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கத்துவதற்குத் தயாராகப் போனவன். கட்டியிருந்த கையைத் தளர்த்தினேன். சுவீ லான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மாஆஃப், அங்கிள்" என்று மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தாள். பரவாயில்லை மா என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று விட முடியாதே. தலையை மட்டும் ஆட்டினேன். சுவரில் இருந்த கதையை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். இப்போது வருகிற டின்னில், பாயசம் காய்ச்சிய கை கொப்பரையிலும் உப்புப் போட்டது என்று கிருஷ்ணம்மா பெயரோடு இருக்கிறது. லோகேஸ்வரன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜசேகரன் மட்டும் இன்னமும் உப்பண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். இவ்வளவு நாள் கூப்பிட்ட வாய் சட்டென்று திரும்பாதாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பந்தியில் உட்கார்ந்தேன். கிருஷ்ணம்மா வரிசையாகப் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை, நகர்ந்துவிட்டாள். நான் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசி ஆள் வரை ஊற்றி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அவள் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு என்னவோ செய்தது. கோபம் இல்லை, சத்தியமாகக் கோபம் இல்லை.

"கிருஷ்ணம்மா! எனக்கு எங்க?" என்று பந்தியே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

வாளியோடு வந்து நின்றாள். "இனிமே எதுக்கு அண்ணே?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் டம்ளரை நீட்டினேன். "இத்தன வருசம் பயந்துக்கிட்டே ஊத்துன. இன்னைக்குப் பயப்படாம ஊத்து."

விளிம்பு வரை ஊற்றினாள்.